வாட்டர்கலரில் ஹெர்குலிஸ் வண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய வெப்பமண்டல வண்டுகளை வாட்டர்கலரில் வரைந்து பிறருக்குக் காட்டத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டு வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் ஆண் ஹெர்குலிஸ் வண்டை மனதில் வைத்து எழுதியவை. மற்ற வண்டுகள் கடைசிப் பகுதியில் வரும்.

ஏன் ஹெர்குலிஸ்? சின்னதா ஒரு பொறிவண்டுல ஆரம்பிக்கக் கூடாதா?

ஆரம்பிக்கலாம். ஆனால் சின்ன வண்டு என்றால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். பொறிவண்டின் முதுகில் வெளிச்சம் ஒரு புள்ளியாக விழும். அந்தப் புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலும் உருண்டை வடிவம் போய்விடும். பெரிய வண்டில் அதே வெளிச்சம் விரலகலத்துக்குப் பரந்து கிடக்கும். தவறு செய்ய இடமும் இருக்கும், திருத்த நேரமும் இருக்கும்.

ஹெர்குலிஸ் வண்டு மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வெப்பக் காடுகளிலும் கரீபியன் கடலின் சிறிய அண்டிலிஸ் தீவுகளிலும் வாழ்வது. ஆண் வண்டு கொம்போடு சேர்த்து 17 செ.மீ. வரை வளரும். தலையும் மார்பும் கருப்பு, முதுகை மூடும் இறக்கை உறைகள் மஞ்சள் கலந்த ஆலிவ் நிறம், அதன்மேல் அங்கங்கே கரும்புள்ளிகள். ஆக இரண்டே நிறக் குடும்பம். பெண்ணுக்குக் கொம்பு கிடையாது. உடலும் சொரசொரப்பாக இருக்கும். அதனால் ஆணை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதை வரைபவர்களுக்கும் இங்கே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

எந்தப் பேப்பர் வாங்கணும்?

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), முழுப் பருத்தி, ஹாட் பிரஸ். இது மூன்றும் சேர்ந்தால் நல்லது. ஹாட் பிரஸ் என்பது வழவழப்பான முகம் கொண்ட தாள். வண்டின் கூர்மையான ஓரங்கள், காலில் உள்ள முட்கள், கொம்பின் நுனி எல்லாம் அதில்தான் சுத்தமாக வரும். கோல்டு பிரஸ் தாளின் மேடுபள்ளம் மலைக்கும் மேகத்துக்கும் அழகு. வண்டின் ஓட்டில் அது அம்மைத் தழும்பு மாதிரி தெரியும்.

ஹாட் பிரஸ் தாளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: தண்ணீர் மேலேயே நின்று வழுக்கும், வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) சீராகப் பரவாது. முதல் இரண்டு மூன்று படங்களில் எரிச்சல் வரும். அதற்காகத் தாளை மாற்றாதீர்கள், தண்ணீரைக் குறையுங்கள். காசு ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால் அதைத் தாளில் போடுங்கள். மலிவான வண்ணம் நல்ல தாளில் ஓரளவு நடந்துகொள்ளும். விலையுயர்ந்த வண்ணம் மோசமான தாளில் ஒன்றும் செய்யாது.

எத்தனை கலர் வேணும்? எங்கிட்ட 36 கலர் பெட்டி இருக்கு.

ஆறு போதும்: அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ரா சியன்னா (மஞ்சள் பழுப்பு), ஒரு எலுமிச்சை மஞ்சள், தாலோ பச்சை, குவினாக்ரிடோன் ரோஸ். ஹெர்குலிஸுக்கு மட்டும் என்றால் முதல் நான்கே போதும். 36 இருப்பதில் தவறில்லை. ஆனால் ஒரே படத்தில் பதினைந்தைத் தொட்டால் சேறுதான் மிஞ்சும்.

பிரஷ்?

நுனி கூராகக் கூடும் வட்ட பிரஷ் இரண்டு: 6ஆம் எண் ஒன்று, 2ஆம் எண் ஒன்று. வண்ணத்தை ஒற்றி எடுக்க, பழைய தட்டை பிரஷ் ஒன்று. மூன்று சுழியன் போட்ட ஊசி பிரஷ்களை நான் சிபாரிசு செய்வதில்லை. அவற்றில் தண்ணீர் நிற்காது, பாதிக் கோட்டிலேயே காய்ந்துவிடும். நுனி சரியாக இருந்தால் 2ஆம் எண்ணே முடி அளவு கோடு போடும்.

நிஜ வண்டு கிடைக்காது. போட்டோவைப் பார்த்து வரைஞ்சா பரவாயில்லையா?

பரவாயில்லை, நானும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஒரே போட்டோவை நம்பாதீர்கள். மிக அருகில் வைத்து எடுத்த படத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கொம்பு பூதாகரமாகவும் பின்னுடல் சுருங்கியும் தெரியும். தள்ளி நின்று, நேர் மேலிருந்து எடுத்த படம் ஒன்றை அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் வேறொன்று. காலுக்கு இன்னொன்று.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மூன்று போட்டோக்கள் மூன்று வெவ்வேறு வண்டினமாக இருந்துவிடும். அட்லஸ் வண்டும் பெரியது, கருப்பு, கொம்புள்ளது. ஆனால் அது தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது, மார்பிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட கொம்புகள் வளைந்து வரும். ஹெர்குலிஸுக்கு மார்பிலிருந்து ஒரே நீண்ட கொம்பு முன்னோக்கி வரும், தலையிலிருந்து ஒன்று அதைச் சந்திக்க மேல்நோக்கி வளையும். இரண்டும் சேர்ந்து இடுக்கி போல இருக்கும். இனம் ஒன்றா என்று பார்த்துவிட்டு அப்புறம் பென்சிலை எடுங்கள். பதப்படுத்திய வண்டை வாங்க நினைப்பவர்களுக்கு: சில இனங்களின் வணிகத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. ஹெர்குலிஸின் உறவினமான பொலிவியாவின் டைனாஸ்டிஸ் சாத்தனாஸ், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து வரைவது எல்லாவற்றையும்விட நல்லது.

ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரவே மாட்டேங்குது.

பாதி மட்டும் வரையுங்கள். நடுவில் ஒரு நேர்கோடு போட்டு, ஒரு பக்க உடலை டிரேசிங் பேப்பரில் முடித்து, அதை மடித்து மறுபக்கம் நகலெடுங்கள். அறிவியல் படங்கள் வரைபவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மார்பையும் இறக்கை உறைகளையும் பிரிக்கும் கோடு, இரண்டு உறைகளும் சந்திக்கும் நடுக்கோடு, அவை தொடங்கும் இடத்தில் உள்ள சின்ன முக்கோணம் இவை மூன்றும் சரியாக விழுந்தால் மீதி தானாக அமையும். அந்த முக்கோணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பார்ப்பவருக்குக் காரணம் புரியாமலே ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

ஆனால் மடித்து நகலெடுப்பது உடலுக்கு மட்டும். கால்களையும் அப்படியே நகலெடுத்தால் வண்டு செத்து, ஊசியில் குத்திய மாதிரி ஆகிவிடும். நடக்கும் வண்டு பொதுவாக ஒரு பக்கத்தின் முன்காலையும் பின்காலையும், மறுபக்கத்தின் நடுக்காலையும் சேர்த்து ஊன்றும். அந்த முக்காலி அமைப்பை வைத்தாலே படத்துக்கு உயிர் வந்துவிடும்.

கால் எங்கேருந்து வருதுன்னே புரியல. வயித்துலேருந்தா?

இல்லை. ஆறு கால்களும் மார்பிலிருந்துதான். குழப்பம் எதனால் என்றால், மேலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது மார்பின் முதல் துண்டு மட்டுமே. மற்ற இரண்டு துண்டுகளை இறக்கை உறை மூடியிருக்கிறது. அதனால் முன்கால் மார்புக் கவசத்துக்கு அடியிலிருந்தும், நடுக்காலும் பின்காலும் உறைக்கு அடியிலிருந்தும் எட்டிப் பார்க்கும். பின்காலை உடலின் கடைசி நுனிக்கு அருகில் ஒட்ட வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. அடிப்பக்கத்தைக் காட்டும் போட்டோ ஒன்றைப் பார்த்துவிட்டால் இந்தச் சந்தேகம் திரும்ப வராது.

பாதத்தில் ஐந்து சின்னக் கணுக்கள், முடிவில் இரண்டு கொக்கி நகங்கள். உணர்கொம்பு குட்டையாக, நுனியில் மூன்று மடல்கள் விசிறி போலச் சேர்ந்து இருக்கும். சினிமா கார்ட்டூனில் வருவது போல நீளமாக ஆட்டும் உணர்கொம்பு இதற்குக் கிடையாது.

கருப்பு வண்டுன்னா கருப்பு பெயின்டே போதுமே. எதுக்கு நீலமும் பழுப்பும் கலக்கணும்?

ட்யூபிலிருந்து நேராக எடுத்த விளக்குக் கரிக் கருப்பை ஒரு தாளில் அப்பிப் பாருங்கள். பக்கத்தில் அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகக் கலந்து ஒரு திட்டு வையுங்கள். காய்ந்த பிறகு முதலாவது தாளில் ஓட்டை விழுந்த மாதிரி தட்டையாக இருக்கும். இரண்டாவதில் ஆழம் தெரியும். அது மட்டுமில்லாமல், கலவையில் நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த கருப்பு, பழுப்பைக் கூட்டினால் சூடான கருப்பு என்று ஒரே வண்டுக்குள் இரண்டு விதம் கிடைக்கும். வானத்தைப் பார்க்கும் பக்கத்துக்கு முதலாவது, தரையைப் பார்க்கும் பக்கத்துக்கு இரண்டாவது.

இன்னொன்று. வழவழப்பான கருப்பு வண்டில் உண்மையிலேயே கருப்பாக இருக்கும் இடம் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு போட்டோவைப் பாருங்கள்: நீலச் சாம்பல், பழுப்புச் சாம்பல், வெள்ளை, இவற்றுக்கு நடுவே கொஞ்சம் கருப்பு. கருப்பு என்று நமக்குத் தெரிந்திருப்பதால் கை எல்லா இடத்திலும் கருப்பைப் பூசிவிடுகிறது. இந்தப் பக்கத்தில் இரண்டே பதில்களைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதையும் அடுத்ததையும் படியுங்கள்.

பளபளப்பு எப்படிக் கொண்டு வர்றது? கடைசியில வெள்ளை வெச்சா ஒட்டவே மாட்டேங்குது.

பளபளப்பைக் கடைசியில் வைக்க முடியாது. வாட்டர்கலரில் இருப்பதிலேயே வெளிச்சமான பொருள் உங்கள் தாள்தான். அதனால் எங்கே வெள்ளை இருக்க வேண்டும் என்று முதல் சொட்டு வண்ணம் விழும் முன்பே முடிவு செய்து, அந்த இடங்களை மெல்லிய பென்சில் கோட்டால் வேலி கட்டிவிடுங்கள். என் படங்களில் கெட்டுப்போனவை பெரும்பாலும் இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்ததால் கெட்டவை.

பிறகு மூன்று அடுக்கு. முதலில், வேலிக்குள் விட்ட இடம் தவிர உடல் முழுவதும் வெகு நீர்த்த அல்ட்ராமரீன். பார்த்தால் வண்டு வெளிர்நீலமாக இருக்கும், பயப்பட வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும் நடுத்தரச் சாம்பலை, நீலம் தெரிய வேண்டிய இடங்களை விட்டுவிட்டுப் போடுங்கள். அதுவும் காய்ந்த பிறகு கெட்டியான கருங்கலவை. ஒவ்வொரு அடுக்கிலும் பூசும் பரப்பு குறைந்துகொண்டே வர வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து வரைபவர் எவ்வளவு வேகமாகப் போட்டாலும் சரி, இடையில் காய விடுங்கள்.

வெளிச்சத்தின் ஓரம் எங்கே கூர்மை, எங்கே மென்மை என்பதில்தான் பொருளின் தன்மை இருக்கிறது. கொம்பு குறுகலான உருளை; அதன்மேல் வெளிச்சம் நீளவாக்கில் மெல்லிய கீற்றாக, இரு ஓரமும் வெட்டினாற்போல் விழும். அந்தக் கீற்றை முழு நீளத்துக்கும் இழுக்காமல் ஓரிரு இடத்தில் அறுத்துவிடுங்கள், இல்லையேல் குழாய் மாதிரி ஆகும். மார்புக் கவசம் குவிந்த கூரை. அறைக்குள் என்றால் ஜன்னலே அதில் வளைந்து தெரியும். கருப்பு ஹெல்மெட் ஒன்றை ஜன்னலோரம் வைத்து ஒரு மாலை வரைந்து பழகினால் வண்டின் மார்பு அதன்பின் கஷ்டமே இல்லை. இறக்கை உறையில் வெளிச்சம் அகலமாக, ஓரம் கரைந்து நிற்கும். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே வெறும் ஈர பிரஷால் ஓரத்தைத் தடவிவிட வேண்டும்.

கடைசியாக, நிழல் பக்கத்தின் அடி விளிம்பில் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு விடுங்கள். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. அது இல்லாத வண்டு தாளில் வெட்டி ஒட்டியது போல இருக்கும்.

மாஸ்கிங் ஃப்ளூயிட் போட்டா வேலை சுலபம்தானே?

மாஸ்கிங் ஃப்ளூயிட் என்பது வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் தடவி, பிறகு உரித்து எடுக்கும் திரவம். கொம்பின் கீற்றுக்கும் கால் முட்களின் மினுக்கத்துக்கும் சரி. உறையின் அகலமான வெளிச்சத்துக்கு வேண்டாம். அதை எடுத்த பிறகு ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும், அங்கே நமக்கு வேண்டியது மென்மை. பழைய பிரஷை சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள், நல்ல பிரஷ் என்றால் அதோடு போச்சு. போட்டு நாள்கணக்கில் விடவும் கூடாது. ஒருமுறை மூன்று வாரம் மறந்துவிட்டு உரித்தேன். தாளின் தோலும் கூடவே வந்தது.

ஒரு போட்டோல மஞ்சளா இருக்கு, ஒண்ணுல பச்சை, இன்னொண்ணுல முழுக் கருப்பு. எது சரி?

மூன்றும் சரியாக இருக்கலாம், ஒரே வண்டாகவும் இருக்கலாம். ஹெர்குலிஸின் இறக்கை உறையில் மெல்லிய ஒளிபுகும் மேல்பூச்சு இருக்கிறது. அதற்குக் கீழே பஞ்சு போல நுண்ணிய துளைகள் நிறைந்த ஓர் அடுக்கு, அதற்கும் கீழே கருப்பு. உலர்ந்த காற்றில் துளைகளில் காற்று நிரம்பியிருக்கும். பஞ்சு அடுக்கு ஒளியைத் திருப்பி அனுப்ப, உறை மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும். ஈரம் ஏறினால் துளைகளில் நீர் புகுந்துவிடும், ஒளி தடையில்லாமல் கீழே இறங்கிக் கருப்பில் மறையும், வண்டு கறுத்துவிடும். காய்ந்தால் மறுபடி மஞ்சள். ஈரத்துணி கறுத்துத் தெரிவதும் ஏறக்குறைய இதே சங்கதிதான்.

ஓவியருக்கு இதிலிருந்து கிடைப்பது இரண்டு. ஒன்று, நிறத்தைப் பற்றி யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. இரண்டு, பாதி ஈரம் ஏறிய வண்டில் மஞ்சளும் கருப்பும் திட்டுத்திட்டாகக் கலந்து நிற்கும். ஈரத்தின் மேல் ஈரம் போட்டு வண்ணத்தைத் தானாகப் பரவ விடும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான உடல் வேறொன்று எனக்குத் தெரியாது.

சரி, அந்த ஆலிவ் நிறத்தை எப்படிக் கலக்குறது?

ரா சியன்னாவில் கொஞ்சம் எலுமிச்சை மஞ்சள் கலந்து அடித்தளம். அது காய்ந்ததும், மார்புக்குக் கலந்து வைத்த அதே நீல-பழுப்புக் கருப்பை நீர்த்து மேலே ஓர் அடுக்கு. மஞ்சளின்மேல் கருப்பு ஏறினால் ஆலிவ் வரும். பெட்டியில் ஆயத்தமாக இருக்கும் ஆலிவ் பச்சையைத் தொட வேண்டாம் என்பேன். மார்பில் உள்ள கருப்பே உறையிலும் கலந்திருந்தால்தான் இரண்டும் ஒரே உடலைச் சேர்ந்தவையாகத் தோன்றும்.

புள்ளிகளை எப்போ வைக்கணும்?

அடித்தளம் காய்ந்தும் காயாமலும் லேசான குளிர்ச்சி கையில் தெரியும்போது சிலவற்றை. முழுதும் காய்ந்த பிறகு மீதியை. எல்லாம் ஒரே கூர்மையில் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி இருக்கும். எண்ணிக்கையும் இடமும் வண்டுக்கு வண்டு மாறும், ஒரே வண்டின் இரு பக்கத்திலும்கூட மாறும். முன்பு சொன்ன மடித்து நகலெடுக்கும் வேலையை இங்கே செய்யாதீர்கள். வெளிச்சம் கடக்கும் இடத்தில் உள்ள புள்ளி வெளிறித் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

போடும்போது நல்ல கறுப்பா இருந்துச்சு, காஞ்சதும் வெளுத்துப் போச்சு.

வாட்டர்கலர் எல்லோருக்கும் அப்படித்தான் காயும். மேலே சொன்ன வண்டின் குணம் அதற்கும் உண்டு: ஈரத்தில் கறுப்பு, காய்ந்தால் வெளுப்பு. வேண்டியதைவிட ஒரு படி அழுத்தமாகப் போடுங்கள். முக்கியமாகக் கடைசி அடுக்குக்கு வண்ணம் பால் போல இருந்தால் போதாது, தயிர் போல இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் அதே தாளின் துண்டு ஒன்றில் போட்டு, காய விட்டுப் பார்த்துவிட்டு வண்டில் கை வையுங்கள்.

உறை நடுவுல காலிஃப்ளவர் மாதிரி ஓரம் வந்துடுச்சு. என்ன பண்றது?

பாதி காய்ந்த வாஷில் அதைவிட அதிகத் தண்ணீர் உள்ள பிரஷ் பட்டிருக்கிறது. புதுத் தண்ணீர் வண்ணத் துகள்களைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடும். பளபளப்பு போகும் கட்டத்தில் இருக்கும் வாஷைத் தொடவே கூடாது. கை பரபரத்தால் எழுந்து போய்விடுங்கள்.

வந்துவிட்டது என்றால், முழுதும் காய விட்டு, ஈரத் தட்டை பிரஷால் அந்த ஓரத்தை மட்டும் மெதுவாக நீவி, டிஷ்யூவால் ஒற்றுங்கள். அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னா எல்லாம் ஓரளவு எழுந்து வரும். தாலோ பச்சை தாளில் சாயமாக இறங்கிவிடும், அது வராது. அப்படியும் போகவில்லையா, அங்கே ஒரு கரும்புள்ளியை வைத்துவிடுங்கள். புள்ளிகளுக்கு நிரந்தர இடம் இல்லை என்று சற்றுமுன் சொன்னேனே.

கொம்புக்குக் கீழே முடி இருக்கே, அதைக் கருப்புமேல எப்படி வரையறது?

மார்புக் கொம்பின் அடிப்பக்கத்தில் பொன் பழுப்பு நிறத்தில் அடர்ந்த ரோமம் இருக்கும். கருப்பின்மேல் வெளிர் முடி போட முடியாது, எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் ரா சியன்னாவும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து ரோமம் இருக்கும் பகுதி முழுவதும் ஒரு வாஷ். காய்ந்த பிறகு 2ஆம் எண் பிரஷைத் துணியில் துடைத்து, நுனி பிரிந்த நிலையில் அடர் பழுப்பைக் கொம்பிலிருந்து கீழ்நோக்கி இழுங்கள். நீங்கள் வரைவது முடிகளுக்கு இடையில் உள்ள இருட்டை. முடி தானாக மிஞ்சும். இருபது இழுப்புக்கு மேல் போகாதீர்கள். அதற்குமேல் போனால் துடைப்பம்.

நிழல் போடணுமா? அறிவியல் படத்துல நிழலே இருக்காதாமே?

இனத்தை அடையாளம் காட்டும் படம் என்றால் பெரும்பாலும் தரை நிழல் போட மாட்டார்கள். உடலின் மேல் வெளிச்சம் மட்டும் இடது மேல்மூலையிலிருந்து வருவதாக வைப்பது அவர்களின் வழக்கம். சுவரில் மாட்டும் படம் என்றால் நிழல் போடுங்கள்.

நிழல் என்ன செய்யும் என்று பார்க்க, ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1505இல் வரைந்த கலைமான் கொம்பு வண்டைத் தேடிப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐரோப்பிய வண்டு, அளவும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னத் தாள்தான். காலுக்கும் உடலுக்கும் அடியில் அவர் விட்ட நிழலால் அது தாளின்மேல் ஊர்ந்து போகிற மாதிரியே இருக்கும். கால் தரையைத் தொடும் இடத்தில் நிழல் கறுப்பாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும், தள்ளிப் போகப் போக வெளிறிக் கரைய வேண்டும். நிழலுக்கு வண்டின் கருப்பையே நீர்த்துப் பயன்படுத்தாமல், நீலத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெள்ளை கௌவாஷ் தொட்டா அது சுத்தமான வாட்டர்கலர் இல்லையாமே?

மேற்சொன்ன டியூரர் படமே வாட்டர்கலரும், கௌவாஷ் என்ற ஒளிபுகா வண்ணமும் சேர்ந்தது. 1699இல் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குப் போய், பூச்சிகளை அவற்றின் செடிகளோடு வரைந்து, 1705இல் ஆம்ஸ்டர்டாமில் 60 படங்களோடு நூலாக வெளியிட்ட மரியா சிபில்லா மேரியனும் பதப்படுத்திய கன்றுத்தோலில் ஒளிபுகா வண்ணத்தைத் தயங்காமல் பயன்படுத்தியவர். அந்த நூலில் உடலைவிட நீண்ட முன்கால்கள் கொண்ட ஹார்லிகுவின் வண்டும் இருக்கிறது. அவர்களுக்கு இல்லாத தூய்மை நமக்கெதற்கு?

என் மனக்குறை வேறு. வெள்ளையைக் கடைசியில் வைக்கலாம் என்ற தைரியம் வந்துவிட்டால் தாளின் வெள்ளையைக் காப்பாற்றும் பழக்கம் போய்விடும். கௌவாஷ் வெள்ளை கருப்பின்மேல் சுண்ணாம்பு போல நீலம் பாய்ந்து நிற்கும், தாளின் வெளிச்சம் அதற்கு வராது. முள் நுனி, நகம், கண்ணில் ஒரு பொட்டு என நாலைந்து இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சையா உலோகம் மாதிரி மின்னுற வண்டுக்கு மெட்டாலிக் பெயின்ட்தான் போடணுமா?

வேண்டாம். மைக்கா கலந்த வண்ணம் கையில் சாய்த்துப் பார்க்கும்போது மினுங்கும். நேரே பார்த்தால் சாம்பலாக இருக்கும், ஸ்கேன் செய்தால் இன்னும் மோசம். தென் அமெரிக்காவின் யூக்ரோமா ஜைஜான்டியா போன்ற பெரிய பொன்வண்டுகளின் மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை. ஓட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் மெல்லிய படலங்களில் பட்டுத் திரும்பும் ஒளி அது. அதனால்தான் ஜப்பானின் ஹோரியூ-ஜி கோயிலில் 7ஆம் நூற்றாண்டு மரச் சன்னதி ஒன்றை அலங்கரிக்கப் பொன்வண்டின் இறக்கைகளையே பதித்தார்கள்.

படலங்களின் ஒளிக்கு ஒரு விதி உண்டு: சாய்வாகப் பார்க்கப் பார்க்க நிறம் நீலத்தை நோக்கி நகரும். உங்களை நேரே பார்க்கும் நடுப்பகுதி பச்சை என்றால், வளைந்து விலகும் ஓரம் நீலப்பச்சை, பிறகு நீலம். நடுவில் தாமிரச் சிவப்பு என்றால் ஓரத்தில் பச்சை. நடுவில் எலுமிச்சை மஞ்சளும் தாலோ பச்சையும், ஓரத்துக்குப் போகும்போது தாலோ பச்சையோடு அல்ட்ராமரீன், இருண்ட மடிப்புகளில் தாலோ பச்சையோடு குவினாக்ரிடோன் ரோஸ். இதோடு வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையில் நடுச்சாயலே இல்லாமல் சட்டென்று தாண்டிவிடுங்கள். உலோகம் என்று கண் நம்புவது அந்தத் தாவலைப் பார்த்துத்தான்.

கோலியாத் வண்டுக்கும் இதே முறைதானா?

தலைகீழ். ஆப்பிரிக்காவின் கோலியாத் வண்டின் உறை வெல்வெட் போன்றது, ஒளியைக் குடித்துவிடும். வேலி கட்டி வெள்ளை விட வேண்டாம். பர்ன்ட் சியன்னாவும் ரோஸும் கொஞ்சம் நீலமும் கலந்த கருஞ்சிவப்புப் பழுப்பை ஈரத்தின்மேல் ஈரமாகப் போட்டு, கூர்மையான வெளிச்சம் எதுவும் இல்லாமல் முடியுங்கள். வெல்வெட் துணியில் பார்த்திருப்பீர்கள், நடு இருண்டும் வளையும் ஓரம் லேசாக வெளுத்தும் இருக்கும், இங்கேயும் அப்படியே. மார்பில் உள்ள வெள்ளைப் பட்டைகளுக்கு மட்டும் தாளை விடுங்கள். கோல்டு பிரஸ் தாள் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, இந்த வண்டுக்கு அது பரவாயில்லை.

எந்த அளவுல வரையறது? பெருசாக்கலாமா?

பெரிய ஹெர்குலிஸை நிஜ அளவில் வரைந்தால் ஏ4 தாளின் 29.7 செ.மீ. நீளத்தில் வசதியாக உட்காரும், கால்களுக்கும் இடம் இருக்கும். முதல் படத்துக்கு அதுவே போதும். ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் போட்டோவில் இல்லாத விவரத்தை நீங்கள் கற்பனை செய்ய வேண்டிவரும். பெரிதாக்கினால் ஓரத்தில் ஒரு சின்ன அளவுகோல் கோடு போட்டு, அது எத்தனை செ.மீ. என்று எழுதிவிடுங்கள். அச்சிடும்போது படம் சுருங்கினாலும் கோடும் கூடவே சுருங்கும், கணக்கு தப்பாது.

மாட்டி வெச்சா கலர் மங்கிடுமா?

மேலே சொன்ன ஆறும் ஒளியைத் தாங்கும் வண்ணங்கள்தான். ஆனால் எலுமிச்சை மஞ்சளில் தயாரிப்புக்குத் தயாரிப்பு வித்தியாசம் உண்டு, ட்யூபின்மேல் ஒளித்தாங்கும் தரத்தைப் பார்த்து வாங்குங்கள். பழைய வகை அலிசரின் கிரிம்சன் மட்டும் வேண்டாம், வெளிறிவிடும். சட்டமிடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். கண்ணாடி தாளைத் தொட்டால் உள்ளே ஈரம் கோத்து, கெட்டியாகப் போட்ட கருப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மாட்டும் முன் 600 டிபிஐயில் ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரின் வெளிச்சத்தில் முதல் அடுக்கின் வெளிர்நீலம் காணாமல் போகும். ஜன்னலோர வெளிச்சத்தில் மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நீலத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும்.